பிப்பின் கண்ணும் எஸ்டெல்லாவின் கண்ணும்

கேள்வி கேட்டவர் திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஆங்கில இலக்கியம் படிக்க வந்தவர். சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில், கொல்லுப்பட்டறையில் வளரும் பிப் என்ற சிறுவன், பெரிய வீட்டுப் பெண்ணொருத்தி கேலி செய்யும்வரை தான் தாழ்ந்தவன் என்றே அறியாமல் இருக்கிறான். “எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கே யார் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், யார் வீட்டு வாசலோடு நின்றுகொள்ள வேண்டும் என்பது தெரியும். பிப்புக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது? குழந்தையின் களங்கமின்மை என்று டிக்கன்ஸ் காட்டுவதே பொய்யா?” என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: தன்னை வளர்த்த அக்காள் கணவர் ஜோவைக் கண்டு பிப் கூசும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டாராம், மேலே படிக்க முடியவில்லையாம். இரண்டும் ஒரே கேள்வி என்றே எனக்குப் படுகிறது. மேல் கீழ் தெரிந்துகொண்ட பிள்ளையிடம் களங்கமின்மை மிச்சம் இருக்குமா, இருந்தால் அது எந்த இடத்தில் பறிபோகிறது என்பதுதான் அவர் கேட்பது.

டெல்டாவின் கல்லூரிகளில் பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் இந்த நாவலை நடத்தியிருக்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நாவலில் எழுதியிருப்பதை உறுதியாகச் சொல்வேன். அதற்கு நான் கொள்ளும் பொருளைச் சொல்லும் இடங்களில் அது என் கருத்து என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். பிப்புக்கு ஒன்றுமே தெரியாது என்று டிக்கன்ஸ் எங்கும் சொல்லவில்லை. கதை தொடங்கும்போது அவனுக்கு ஏழு வயது இருக்கும். தாய் தந்தை கல்லறையில். அக்காளின் அடியில் வளர்கிறான். கிறிஸ்துமஸ் விருந்தில் மேசையின் மூலையில் அவனை நெருக்கி உட்கார வைத்து, கோழியில் யாருக்கும் வேண்டாத துண்டுகளைத் தட்டில் போடுகிறார்கள். தானிய வியாபாரி பம்பிள்சூக் முதல் அத்தனை விருந்தாளிகளும், நன்றி இல்லாத பிள்ளை என்று ஆளுக்கொரு குத்து குத்துகிறார்கள். தான் அந்த மேசையில் கடைசி என்பது அந்தப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். குழந்தைகள் வாழும் சின்ன உலகத்தில் அநீதியைப் போல் கூர்மையாக உணரப்படுவது வேறொன்றும் இல்லை என்று வளர்ந்த பிப் பின்னால் ஓரிடத்தில் சொல்கிறான். குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிற எழுத்தாளர் இதை எழுதியிருக்க முடியாது. உங்கள் ஊர்ப் பிள்ளைக்குத் திண்ணை விவரம் தெரியும் என்பதால் டிக்கன்ஸ் பொய்யாகிவிடவில்லை.

இன்னொன்றையும் பலர் தவறவிடுகிறார்கள். பிப் அந்த ஊரின் அடிமட்டத்து ஏழை அல்ல. ஜோ சொந்தப் பட்டறை வைத்திருக்கும் கைவினைஞர். அவரிடம் ஆர்லிக் என்றொரு கூலியாள் வேலை பார்க்கிறான். பிப்புக்குக் கீழேயும் ஆட்கள் உண்டு. சொந்த ஊரில் தலைநிமிர்ந்து வாழும் வீட்டுப் பிள்ளைதான் பெரிய வீட்டு வாசலில் ஒன்றுமில்லாதவன் ஆகிறான்.

அந்த வாசலில் நடப்பது எட்டாம் அத்தியாயம். கடிகாரங்களை நிறுத்திவைத்துக்கொண்டு, பழுப்பேறிய கல்யாண உடையோடு இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் மிஸ் ஹாவிஷாம், தன் வளர்ப்பு மகள் எஸ்டெல்லாவை பிப்போடு சீட்டாடச் சொல்கிறாள். எஸ்டெல்லாவுக்கும் ஏறக்குறைய அவன் வயதுதான். இவன் போய் கூலிக்காரப் பையன் அல்லவா என்று அவள் முதலிலேயே முகம் சுளிக்கிறாள். சீட்டில் மேட்டுக்குடியினர் வேறு பெயர் சொல்லும் ஒன்றை பிப் ‘ஜாக்’ என்கிறான், அது பிடித்துக்கொள்கிறது. அடுத்து, எவ்வளவு முரட்டுக் கை, எவ்வளவு தடித்த பூட்ஸ் என்கிறாள். ஒரு சொல், ஒரு கை, ஒரு காலணி. பேச்சு, உழைப்பு, உடை என்று ஒரு மனிதனைத் தரம் பிரிக்கும் அத்தனை வழியும் ஒரு சீட்டாட்டத்துக்குள் வந்துவிடுகிறது. வெளியே வந்தபின் பிப் தன் கைகளைப் பார்க்கிறான், பூட்ஸைப் பார்க்கிறான். அதுவரை அவை அவனுக்கு ஒரு தொந்தரவாகவே இருந்ததில்லை, இப்போது உறுத்துகின்றன. அடுத்த நிமிடம் அவன் மனம் போகும் இடம்தான் முக்கியம். ஜோ இன்னும் கொஞ்சம் நாகரிகமாக வளர்க்கப்பட்டிருக்கக் கூடாதா, அப்படி இருந்திருந்தால் தானும் அப்படி வளர்ந்திருக்கலாமே என்று நினைக்கிறான். அவமதித்தது எஸ்டெல்லா, குறை போய் விழுவது ஜோவின் மேல்.

களங்கமின்மை பறிபோகும் இடம் என்று நான் இதைத்தான் காட்டுவேன். இகழப்படுவதால் ஒரு பிள்ளை கெட்டுவிடாது. இகழ்ந்தவரின் கண்ணை வாங்கிக்கொண்டு தன் வீட்டைத் திரும்பிப் பார்க்கும்போது கெடுகிறது. இது என் வாசிப்பு. ஆனால் அதற்கு நாவலுக்குள்ளேயே வலுவான சாட்சி இருக்கிறது. மூன்று சாப்பாட்டுக் காட்சிகள்.

முதலாவது, மூன்றாம் அத்தியாயம். சதுப்பு நிலத்தில் ஒளிந்திருக்கும் கைதி மாக்விச்சுக்காக, பிப் வீட்டிலிருந்து திருடிய உணவைக் கொண்டுபோகிறான். காலில் விலங்கோடு, குளிரில் நடுங்கியபடி, யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று பக்கவாட்டில் பார்த்துப் பார்த்து அந்த மனிதன் விழுங்குகிறான். எங்கள் வீட்டுப் பெரிய நாய் சாப்பிடுவதைப் போலவே இருந்தது என்கிறான் பிப். சொல்லிவிட்டு அவனிடமே, “நீங்கள் ருசித்துச் சாப்பிடுவது எனக்குச் சந்தோஷம்” என்கிறான். பயத்தில் உயிர் போய்க்கொண்டிருக்கும் பிள்ளை சொல்கிற சொல் இது. நாய் என்ற ஒப்பில் துளி இழிவு இல்லை. அந்தப் பிள்ளைக்கு நாயும் பசியோடு சாப்பிடும், மனிதனும் பசியோடு சாப்பிடுவான், அவ்வளவுதான்.

இரண்டாவது, அதே எட்டாம் அத்தியாயம். எஸ்டெல்லா பிப்புக்கு ரொட்டியும் இறைச்சியும் பீரும் கொண்டுவருகிறாள். குவளையை முற்றத்துக் கல்லில் வைக்கிறாள், அவன் முகத்தைப் பார்க்காமலே உணவைக் கொடுக்கிறாள். தண்டனை பெற்ற நாய்க்குக் கொடுப்பதைப் போல என்கிறான் பிப். இப்போது நாய் அவன். கண்ணீர் வருகிறது. அவள் போனபின் சுவரை உதைத்து, தன் தலைமுடியைத் தானே பிடித்து முறுக்குகிறான்.

மூன்றாவது, நாற்பதாம் அத்தியாயம். பிப்புக்கு இருபத்து மூன்று வயது, லண்டனில் கனவான். அவனை இத்தனை நாள் பணம் அனுப்பிக் கனவான் ஆக்கியது மிஸ் ஹாவிஷாம் என்று நம்பியிருந்தான். அனுப்பியது ஆஸ்திரேலியாவில் ஆடு மேய்த்துச் சம்பாதித்த அதே மாக்விச் என்று தெரிந்த மறுநாள் காலை. மாக்விச் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார். சத்தமாக, பேராசையோடு, தலையைச் சாய்த்துப் பல்லால் கடித்துச் சாப்பிடும் அவர், பசித்த கிழட்டு நாயைப் போல் பயங்கரமாக இருந்தார் என்கிறான் பிப். அதே மனிதர், அதே நாய், அதே வாய். முதல் தடவை சந்தோஷம் என்று சொன்னவனுக்கு இப்போது குமட்டுகிறது. தட்டில் இருப்பதும் உடுத்தியிருப்பதும் அந்த மனிதர் சம்பாதித்த காசு என்பதும் அவனைத் தடுக்கவில்லை. இடையில் மாறியது பார்க்கிறவனின் கண் மட்டும். வர்க்க வெறுப்பு பிள்ளைப் பருவத்தை என்ன செய்கிறது என்று பரீட்சைக்கு எழுதுகிற மாணவர்கள், இந்த மூன்று இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு எதுவும் தேவைப்படாது.

இந்தக் கண் எஸ்டெல்லாவுக்கு எங்கிருந்து வந்தது? கல்யாணத்தன்று கைவிடப்பட்ட மிஸ் ஹாவிஷாம், ஆண்களைப் பழிவாங்கவே அந்தப் பெண்ணை வளர்க்கிறாள் என்று பிப்பின் லண்டன் நண்பன் ஹெர்பர்ட் பின்னால் அவனிடம் சொல்கிறான். சாகுமுன் ஹாவிஷாமே தான் செய்ததை நினைத்துக் கதறுகிறாள். எஸ்டெல்லாவின் பிறப்போ அதைவிடக் கொடுமை. அவள் தந்தை அந்தக் கைதி மாக்விச். தாய், கொலைக் குற்றம் சாட்டப்பட்டு விடுதலையாகி, வக்கீல் ஜாகர்ஸ் வீட்டில் வேலை செய்பவள். பிப்பின் கையை முரட்டுக் கை என்றவளின் பெற்றோர் பிப்பின் வீட்டாரைவிடச் சமூகத்தின் அடியில் கிடந்தவர்கள். ஹாவிஷாம் வீட்டுச் செல்வம் மட்டும் எப்படி வந்தது? பீர் காய்ச்சி. பீர் ஆலைதான் குடும்பத் தொழில். ரொட்டி சுட்டு விற்பவன் கனவான் ஆக முடியாது, பீர் காய்ச்சி விற்பவன் எவ்வளவு பெரிய கனவானாகவும் இருக்கலாம், ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை என்று ஹெர்பர்ட் சொல்வது இந்த நாவலின் மிக நேர்மையான வாக்கியங்களில் ஒன்று. எஸ்டெல்லாவின் இகழ்ச்சியில் வர்க்கத் திமிர் எவ்வளவு, ஆண்கள்மேல் ஊட்டப்பட்ட வன்மம் எவ்வளவு என்று பிரிப்பது மட்டும் கடினம். விமரிசகர்கள் இரண்டு பக்கமும் வாதாடுகிறார்கள். அவளும் ஒரு குழந்தைதான், அவளுடைய களங்கமின்மையை எடுத்துக்கொண்டது அவளை வளர்த்த கை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். திண்ணை விவரம் தெரிந்த ஐந்து வயதுப் பிள்ளை, நெருப்பு சுடும் என்பதைப் போல அதைத் தெரிந்துவைத்திருக்கிறது. அங்கே போகாதே, அந்தக் குவளையைத் தொடாதே என்று தாய் சொன்னதால் தெரியும். அந்த விதி நியாயம் என்று அது இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, தன் அப்பாவை அந்த விதியால் அளக்கவில்லை. அளக்கத் தொடங்கும் வயது பெரும்பாலும் பள்ளியிலோ கல்லூரியிலோ வருகிறது. அந்தப் பிள்ளை வியந்து பார்க்கும் யாரோ ஒருவர் பக்கத்தில் வந்து நிற்கும்போது வருகிறது. பிப்புக்கும் அப்படித்தான். பம்பிள்சூக் ஆயிரம் திட்டியும் பிப் ஜோவைக் குறைவாக நினைக்கவில்லை. எஸ்டெல்லா அழகாக இருந்தாள், அவன் வியந்தான். அதனால்தான் அவள் சொல் உள்ளே போனது.

பதின்மூன்றாம் அத்தியாயத்தில் ஜோவை மிஸ் ஹாவிஷாம் தன் வீட்டுக்கு வரச் சொல்கிறாள். அவள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ஜோ அவளைப் பார்த்துப் பதில் சொல்லாமல் பிப்பைப் பார்த்தே சொல்கிறார். ஆங்கில விமரிசன நூல்கள் இதை நகைச்சுவைக் காட்சி என்று எழுதிவிட்டுப் போய்விடும். எங்கள் கல்லூரிச் சேர்க்கை நாட்களில் உட்கார்ந்தவர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல் நிற்கும் தகப்பனாரிடம், “என்ன தொழில் பார்க்கிறீர்கள்?” என்று கேட்டால், அவர் மகனைப் பார்த்து, “சொல்லுப்பா” என்பார். எத்தனை மா நிலம், குத்தகையா கூலியா, ஆண்டு வருமானம் எவ்வளவு, எல்லாம் மகன் வழியாகத்தான் வரும். வயலில் நின்றால் ஆற்றில் முறைத் தண்ணீர் எப்போது வரும், எந்த மடையை எப்போது திறக்க வேண்டும் என்று மணிக்கணக்கில் பேசக்கூடிய மனிதர். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவரோடு நேராகப் பேச அவரை யாரும் அனுமதித்ததில்லை. அந்த நேரத்தில் மகனின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஜோவைக் கண்டு வெட்கினேன் என்று பிப் ஒப்புக்கொள்ளும் அந்த வாக்கியத்தை முழுதாகப் படியுங்கள்: ஹாவிஷாமின் நாற்காலிக்குப் பின்னால் எஸ்டெல்லா நிற்பதையும், அவள் கண்கள் குறும்பாகச் சிரிப்பதையும் பார்த்தபோது வெட்கினானாம். ஜோ காலையிலும் அதே ஜோதான்.

ஒரு வேறுபாட்டை மறைத்துவிட்டு இந்த ஒப்பீட்டைச் செய்யக் கூடாது. பிப்பைப் பிரிப்பது வர்க்கம். பணம் வந்ததும் தையல்காரர் டிராப் வளைந்து குனிகிறார், ஒரு சூட் தைத்ததும் பாதித் தூரம் கடந்தாயிற்று. நம் டெல்டாவில் பண்ணையாளையும் மிராசுதாரையும் பிரித்தது சாதி, நிலம் இரண்டும் சேர்ந்த கட்டு. சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த ஊர் இது, 1940-களில் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் முன்னின்ற விவசாயத் தொழிலாளர் இயக்கம் போராடி அதை ஒழித்தது. 1952-இல்தான் தஞ்சாவூர்ப் பண்ணையாள்களுக்கென்று பாதுகாப்புச் சட்டமே வந்தது. சூட் தைத்துக் கடக்கிற தூரம் அல்ல அது.

இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிவது இருபத்தேழாம் அத்தியாயத்தில். லண்டனில் பிப்பைப் பார்க்க ஜோ வருகிறார். தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறார், வளர்த்த பிள்ளையை ‘சார்’ என்கிறார். பணம் கொடுத்து அவரை வராமல் செய்ய முடிந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்கிறான் பிப். நீங்கள் புத்தகத்தை மூடியது இங்கேதான் என்று நினைக்கிறேன். புறப்படும்போது ஜோ சொல்கிறார்: ஒருவர் இரும்புக் கொல்லர், ஒருவர் தகரக் கொல்லர், ஒருவர் பொற்கொல்லர், ஒருவர் செப்புக் கொல்லர், இப்படிப்பட்ட பிரிவுகள் வரத்தான் செய்யும், வரும்போது ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆங்கில வாசகர்களுக்கு இது கண்ணீர் வரவழைக்கும் பேச்சு. என் வகுப்புகளில் இதற்குக் கோபம்தான் வந்திருக்கிறது. அவரவர் தொழில் அவரவருக்கு என்று சொல்லித்தானே எங்கள் தாத்தாவைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கோபம். டிக்கன்ஸ் ஜோவின் வாயால் தன் கொள்கையைச் சொல்கிறாரா என்பது தீர்க்க முடியாத விவாதம். என் எண்ணம், ஜோ அங்கே உலகத்துக்கு விதி சொல்லவில்லை, கூசிக்கிடக்கும் பிள்ளைக்குப் பாரத்தை இறக்கிவைக்கிறார். நாம் இருவரும் லண்டனில் ஒன்றாக நிற்க வேண்டாம், பட்டறைக்கு வந்து பார் என்கிறார். ஆனால் வர்க்கப் பிரிவே கூடாது என்று சொல்லும் நாவல் இது என்று யாராவது எழுதினால் அதை நான் ஒப்பமாட்டேன். பிப் கடைசியில் கெய்ரோவில் ஒரு வணிக நிறுவனத்தில் உழைத்துக் கௌரவமாகப் பிழைக்கிறான். பட்டறைக்குத் திரும்பவில்லை.

அப்படியிருந்தும் வர்க்கம் எப்படி வேலை செய்கிறது என்று டிக்கன்ஸ் காட்டும் ஓரிடம் நமக்கு மிக நெருக்கம். மாக்விச்சும் காம்பேசன் என்ற படித்த மோசடிக்காரனும் ஒரே வழக்கில் கூண்டில் நிற்கிறார்கள். திட்டம் போட்டவன் காம்பேசன். ஆனால் சுருள்முடி, கறுப்பு உடை, வெள்ளைக் கைக்குட்டை. பார்க்க நல்ல குடும்பம். அவனுக்கு ஏழு ஆண்டு, மாக்விச்சுக்குப் பதினான்கு. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுவித்த உயர் நீதிமன்றம், நிலபுலனும் காரும் உள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்று எழுதியது. அந்தக் கைக்குட்டையின் வேலை என்ன என்று என் மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டி இருந்ததே இல்லை.

டிக்கன்ஸுக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். 1824-இல் தந்தை கடனுக்காகச் சிறை போனபோது, பன்னிரண்டு வயதில் அவர் பூட்ஸ் பாலிஷ் தொழிற்சாலையில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டினார். அந்த வெட்கத்தை உயிரோடு இருக்கும்வரை உலகுக்குச் சொல்லவில்லை. நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூலம் அவர் மறைவுக்குப் பின்தான் வெளியே தெரிந்தது. இதுவரை உறுதி. அந்தச் சிறுவன்தான் பிப் என்பது ஊகம். நம்பத் தகுந்த ஊகம், அவ்வளவே.

யார் குற்றம் என்று கேட்டால், எட்டு வயதில் தன் கையைப் பார்த்துக் கூசியது பிப்பின் குற்றம் அல்ல. அந்தக் கூச்சத்தை யார் ஊட்டினார்கள் என்று தெரிந்தபின்னும், இருபது வயதில் ஊருக்குப் போனபோது ஜோவின் வீட்டில் தங்காமல் விடுதியில் தங்கியது அவனுடைய குற்றம். அதை அவனே மறைக்காமல் எழுதுகிறான். இந்த நாவல் முழுவதும் வளர்ந்த பிப் கொடுக்கும் வாக்குமூலம். தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள நினைத்திருந்தால் தொப்பிக் காட்சியை அவன் எழுதியிருக்கவே வேண்டாம்.

மூடிய இடத்திலிருந்து தொடருங்கள். நாற்பதாம் அத்தியாயம் வரை வந்ததும் நிறுத்தி, மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி படித்துவிட்டு மேலே போங்கள். அதன்பின் ஐம்பத்து நான்கில், தேம்ஸ் ஆற்றில் பிடிபட்டுக் காயத்தோடு கிடக்கும் மாக்விச்சின் பக்கத்தில் பிப் போய் உட்காருவான். அப்போது அவன் அந்த மனிதரை யாருடைய கண்ணால் பார்க்கிறான் என்று படித்துவிட்டு எழுதுங்கள். சுருக்கிய பதிப்பு கையில் இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு முழு நூலையே எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் காட்சிகளைச் சுருக்கிவிட்டால் நான் மேலே சொன்ன எதையும் உங்களால் சரிபார்க்க முடியாது.